அலை ஏன் சரியில்ல? ஸ்வெல்லா, டைடா, காத்தா – கடலைப் பாத்தே கண்டுபிடிக்கிறது எப்படி

அலைச்சறுக்கு (சர்ஃபிங்) போறதுக்கு முன்னாடி அலை நிலவரம் காட்டுற ஆப்பைப் பாத்தா பச்சை கலர்ல அம்சமா காட்டும், போர்டைத் தூக்கிட்டுப் போய் நின்னா கடல் வேற எதையோ பண்ணிட்டு இருக்கும். உடனே வர்ற பேச்சு ரெண்டுதான், ஒன்னு "ஆப் பொய் சொல்லுது", இல்லன்னா "காத்து கெடுத்துருச்சு". பாதி நேரம் ரெண்டுமே காரணம் கிடையாது. ஸ்வெல் (தூரத்துப் புயல்ல கிளம்பி வர்ற அலை), டைடு (கடல் மட்டம் ஏறி வத்துறது), காத்து மூணும் சேர்ந்துதான் ஒரு அலையைப் பண்ணுது, ஆனா மூணும் கெட்டுப்போனா கெடுற விதம் வேற வேற. அதனால கண்ணுக்குத் தெரியுற அறிகுறியில இருந்து பின்னாடி போனா எது கோளாறுன்னு பெரும்பாலும் பிடிச்சிடலாம். உங்களுக்கு எந்த அறிகுறியோ நேரா அந்த இடத்துக்குப் போய்க்கோங்க, வரிசையா படிக்கணும்னு இல்ல.

ஒன்னு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன். நம்ம கையில இருக்கிற தகவல் மொத்தம் ஆறு: ஸ்வெல் உயரம், பீரியட் (அதாவது ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல எத்தனை செகண்டு), ஸ்வெல் வர்ற திசை, காத்து வேகம், காத்து திசை, டைடு. எல்லாரும் முதல்ல பாக்குறது உயரம், என்னைக் கேட்டா தனியா எடுத்தா இந்த ஆறுலயே ரொம்ப ஏமாத்துறது அதுதான். பீரியடை முதல்ல பாருங்க.

அறிகுறி 1: ஆப்ல 1.5 மீட்டர், கரையில முட்டி அளவு கூட இல்ல

இதுக்கு நாலஞ்சு காரணம் இருக்கு, ஒவ்வொன்னா தள்ளிட்டு வரணும்.

முதல்ல அந்த 1.5 எதோட நம்பர்னு பாருங்க. அது உங்க காலடியில உடையுற அலையோட உயரம் இல்ல, வெளிக்கடல்ல ஆழத்துல இருக்கிற அலையோட உயரம், அதுவும் எல்லா அலையோட சராசரி கிடையாது, இருக்கிறதுலயே பெரிய மூணுல ஒரு பங்கு அலைகளோட சராசரி. சாதாரணமா வர்ற அலை அதைவிட நல்லாவே சின்னதா இருக்கும், எப்பவாவது ஒன்னு அதுல ரெண்டு மடங்கு கிட்ட வரும். இன்னொன்னு, பல ஆப் எல்லா அலையையும் சேத்து ஒரே நம்பரா காட்டும். தூரத்துல இருந்து வர்ற ஸ்வெல் 1 மீட்டர், பக்கத்துல காத்து கிளப்பின அலை 1.1 மீட்டர்னு வைங்க, சேத்தா 2.1 வராது, ஒவ்வொன்னையும் வர்க்கம் பண்ணிக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கணும், அப்போ கிட்டத்தட்ட 1.5 வரும். நீங்க பாத்த 1.5 இதுவா இருந்தா அதுல பாதிக்கு மேல வெறும் குலுக்கல்தான், ஏறுறதுக்கு உருப்படியா ஒன்னும் இல்ல. ஆப்ல ஸ்வெல்லைத் தனித்தனியா பிரிச்சுக் காட்டுற பக்கம் எங்கயாவது ஒளிஞ்சு இருக்கும், தேடிப் பிடிங்க.

ரெண்டாவது பீரியட். அலையோட பவர் உயரத்தோட வர்க்கத்தையும் பீரியடையும் பெருக்கினா எவ்ளோ வருதோ அந்தக் கணக்குல போகும். 1.5 மீட்டர் 6 செகண்டு அலைக்கு 13.5 வரும், 1 மீட்டர் 16 செகண்டு அலைக்கு 16 வரும். அதாவது உயரம் கம்மியா காட்டுற ரெண்டாவதுதான் நிஜத்துல பலசாலி. அதோட நீளமும் பாருங்க, ஆழ்கடல்ல 8 செகண்டு அலைக்கு ஒரு முகட்டுல இருந்து அடுத்த முகடு சுமார் 100 மீட்டர், 16 செகண்டுக்கு சுமார் 400 மீட்டர். ஒரு அலை தன்னோட நீளத்துல பாதி ஆழம் வந்ததும் அடித்தரையை உணர ஆரம்பிச்சிடும், அப்போ 8 செகண்டுக்காரன் 50 மீட்டர் ஆழத்துல உணர்றான், 16 செகண்டுக்காரன் 200 மீட்டர் ஆழத்துலயே உணர்ந்து வளைய ஆரம்பிச்சிடுறான். அடுத்த காரணம் புரியணும்னா இந்த வளையுற விஷயம் முக்கியம்.

மூணாவது திசை. ஸ்வெல் திசைன்னா அது எங்க இருந்து வருதோ அந்தத் திசை, போற திசை இல்ல. காத்துக்கும் அப்படியே. தெற்கு ஸ்வெல்லுனு போட்டிருந்தா தெற்கில இருந்து வடக்க பாத்து வருதுன்னு அர்த்தம். உங்க கடற்கரை பாக்குற திசைக்கும் ஸ்வெல் வர்ற திசைக்கும் நடுவுல ஒரு முனையோ தீவோ அலைத்தடுப்புச் சுவரோ இருந்தா அந்த மறைவுல நீங்க உக்காந்திருக்கீங்க. நீளமான பீரியட் ஸ்வெல் ஆழத்துலயே தரையைத் தொட்டு வளைஞ்சு அந்த முனையைச் சுத்தி கொஞ்சமாவது உள்ள வரும், வர்ற வழியில உயரம் குறைஞ்சாலும் வந்து சேரும். குட்டி பீரியட் வளையாது, நேரா தாண்டிப் போயிடும். அதனாலதான் ஒரே 1.5 மீட்டர் ஒரு நாள் உங்க இடத்துக்கு நெஞ்சளவும் இன்னொரு நாள் கணுக்கால் அளவும் தருது, ஆப் மேல தப்பு இல்ல.

நாலாவது, ஸ்வெல் இன்னும் வந்து சேரவே இல்லாம இருக்கலாம். 15 செகண்டு ஸ்வெல் கூட்டம் மணிக்கு 42 கிலோமீட்டர் கிட்ட நகரும், ஒரு நாளைக்கு சுமார் 1000 கிலோமீட்டர். 10 செகண்டு அதுல மூணுல ரெண்டு பங்குதான். அப்போ ஒரே புயல்ல கிளம்பினாலும் நீளமான பீரியட் முன்னாடி வந்துடும், குட்டை பின்னாடி வரும். வால்ட்டர் மங்க் அப்படின்னு ஒரு கடல் விஞ்ஞானி, 1963ல நியூசிலாந்துல இருந்து அலாஸ்கா வரைக்கும் வழி நெடுக கருவி வச்சு, தெற்குக் கடல் புயல்ல கிளம்பின அலைங்க பசிபிக் முழுசையும் தாண்டிப் போறதைப் பின்தொடர்ந்தே காட்டினார். அதுல நமக்கு உபயோகமான ஒரு சங்கதி: பீரியட் 18, 17, 16னு மெதுவா நாள் கணக்குல இறங்கிட்டே வந்தா புயல் ரொம்ப தூரத்துல இருந்தது, மளமளன்னு இறங்கினா கிட்டத்துல இருந்தது. முதல்ல வர்ற நீள பீரியட் அலைங்க உயரம் கம்மியா, செட்டுக்கும் செட்டுக்கும் (செட்னா ஒன்னா சேந்து வர்ற அலைக் கூட்டம்) நடுவுல ரொம்ப இடைவெளியோட இருக்கும், அதைப் பாத்துட்டு "இன்னைக்கு ஒன்னும் இல்ல"ன்னு திரும்பிப் போறவங்க நிறைய பேர், சாயந்திரம் வந்திருந்தா கதை வேற.

அஞ்சாவது அடித்தரை. அதை ஆப்ல பாத்துத் தெரிஞ்சுக்க முடியாது. ஆப்புக்குப் பின்னாடி உலகம் முழுக்க அலையைக் கணக்குப் போடுற கம்ப்யூட்டர் மாடலுக்கு உங்க கரைக்கு முன்னாடி இருக்கிற பள்ளம் மேடு எல்லாம் தெரியாது, அதோட ஒரு கட்டம்கிறதே பல கிலோமீட்டர் அகலம். இது எவ்ளோ பெரிய விஷயம்னா, போர்ச்சுகல்ல நசாரே இருக்கு இல்ல, அங்க கரைக்குக் கிட்டவே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்னு வந்து முடியுது, வெளிய போகப் போக கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் ஆழம் வரைக்கும் இறங்குது. பள்ளத்துல வேகம் குறையாம வர்ற அலையும், பக்கத்து மேட்டுல வேகம் குறைஞ்சு வளைஞ்சு வர்ற அலையும் ஒரே இடத்துல மோதி எழும்புது. செபாஸ்டியன் ஸ்டெய்ட்னர் 2020 அக்டோபர்ல அங்க ஏறின அலை 26.21 மீட்டர்னு கின்னஸ்ல இருக்கு. பக்கத்துக் கடற்கரைகள்ல அதே ஸ்வெல் அதுல ஒரு சின்னப் பங்குதான். நசாரே அளவுக்கு இல்லன்னாலும் உங்க கரைக்கும் பக்கத்துக் கரைக்கும் நடுவுல இதோட குட்டி வடிவம் எப்பவும் நடந்துட்டே இருக்கு.

அறிகுறி 2: ஆப்ல 0.8 மீட்டர்தான், ஆனா கடல்ல தலைக்கு மேல வருது

இது முதல் அறிகுறியோட மறுபக்கம், ஆனா இதுல அடிபடுறவங்க அதிகம். பீரியடைப் பாருங்க, 15க்கு மேல இருக்கும். நீள பீரியட் அலை கரைக்கு வர வர நல்லாவே உயரும், திறந்தவெளியா ஸ்வெல்லுக்கு நேரா இருக்கிற இடத்துல வெளிக்கடல் உயரத்துல ரெண்டு மடங்கு கிட்ட கூட போகும். 7 செகண்டு அலை அவ்ளோ வளராது.

இதுல பிரச்சனையே இடைவெளிதான். தூரத்துல இருந்து வர்ற ஸ்வெல் கூட்டம் கூட்டமா பிரிஞ்சு வரும், ஒரு செட் முடிஞ்சா அடுத்தது வர பத்து பதினஞ்சு நிமிஷம் கூட ஆகலாம். அந்த நடுவுல கடல் குளம் மாதிரி கிடக்கும். கரையில நின்னு அஞ்சு நிமிஷம் பாத்துட்டு "சும்மா சின்னதா இருக்கு"ன்னு இறங்கி, பாதி வழி பேடில் பண்ணிட்டு (போர்டுல படுத்து கையால துழாவிட்டு) இருக்கும்போது தூரத்துல கோடு கோடா கறுப்பா எழும்பி வரும், அப்போ திரும்பவும் முடியாது தாண்டவும் முடியாது. பீரியட் 14க்கு மேலன்னா குறைஞ்சது இருபது நிமிஷம் கரையில உக்காந்து பாருங்க. புதுசா கத்துக்கிறவங்க "0.8தானே"ன்னு போகவே வேண்டாம், அந்த நம்பர் உங்களுக்காகப் போட்டது இல்ல.

அறிகுறி 3: அலை நல்ல சைஸ், ஆனா மொத்தமா ஒரே நேரத்துல சாயுது

க்ளோஸ்-அவுட். இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் சுவரு மாதிரி எழும்பி படார்னு ஒரே அடியா விழும், எழுந்து நிக்கிறதுக்குள்ள போறதுக்கு இடமே இருக்காது.

மணல் கடற்கரையா இருந்தா முதல் சந்தேகம் நீள பீரியட் ஸ்வெல் நேரா வந்து மோதுறது. கேக்க விசித்திரமா இருக்கும், பலசாலியான நல்ல ஸ்வெல்லுனு சொன்னதே இதைத்தானேன்னு. ஆமா, பாறை முனை, ரீஃப் (கடலடிப் பாறைத் திட்டு) இருக்கிற இடத்துல அது வரம், ஏன்னா அங்க தரை சாய்வா இருக்கிறதால அலை ஒரு பக்கத்துல இருந்து வரிசையா உடைஞ்சுட்டே போகும். நேரான மணல் கரையில நீளமான நேர்கோட்டு அலை எல்லா இடத்துலயும் ஒரே ஆழத்தை ஒரே நேரத்துல தொடுது, அப்புறம் ஒன்னா விழாம என்ன பண்ணும். அதே கரையில 9, 10 செகண்டு ஸ்வெல் கொஞ்சம் சாய்வா வந்தா, இல்ல ரெண்டு ஸ்வெல் ரெண்டு திசையில இருந்து வந்து ஒன்னை ஒன்னு வெட்டினா, அங்கங்க கூம்பு மாதிரி எழும்பி ரெண்டு பக்கமும் வரிசையா உடைஞ்சுட்டே போகும். அதனால பீரியட் எவ்ளோ அதிகமோ அவ்ளோ நல்லதுன்னு கண்ணை மூடிட்டு நம்பாதீங்க, உங்க தரை என்னன்னு பாத்து முடிவு பண்ணுங்க.

ரெண்டாவது சந்தேகம் லோ டைடு. தண்ணி வத்தினா மணல்திட்டு மேல ஆழம் ரொம்ப கம்மியாகி அலை சட்டுனு முட்டி விழுது. இது டைடா ஸ்வெல்லான்னு தெரியலன்னா ஒரு ஒன்றரை மணி நேரம் காத்திருந்து பாருங்க, தண்ணி ஏற ஏற அலை ஒரு ஓரத்துல இருந்து வரிசையா உடைய ஆரம்பிச்சா அது டைடு. அப்பவும் அதே சுவருன்னா ஸ்வெல் திசைதான், வேற கோணத்துல திரும்பி இருக்கிற கரைக்குப் போங்க.

அறிகுறி 4: அலை எழும்புது, ஆனா உடையாம அடியில நழுவிப் போயிடுது

இது பெரும்பாலும் டைடுதான், யோசிக்கவே வேண்டாம். ஒரு அலை தன் உயரத்தைப்போல சுமார் 1.3 மடங்கு ஆழத்துக்கு வந்தா உடையும். 1 மீட்டர் அலைக்கு 1.3 மீட்டர் ஆழம் வேணும். உங்க மணல்திட்டு மேல ஹை டைடுல 2.5 மீட்டர் தண்ணி நின்னா அந்த அலை திட்டைக் கண்டுக்காம தாண்டிப் போய் கரைக்கிட்ட இறங்கும். பெரிய அலை அதே ஆழத்துல உடையும், அதனாலதான் ஹை டைடுல "செட் மட்டும் உடையுது, நடுவுல ஒன்னும் இல்ல"ன்னு இருக்கும்.

என்ன பண்ணலாம்? ஒன்னு காத்திருக்கணும், இல்ல பெரிய போர்டு எடுக்கணும். நீளமான போர்டுல வேகம் முன்னாடியே கிடைச்சிடும், அலை இன்னும் சரிவா இருக்கும்போதே ஏறிடலாம். சின்ன போர்டோட அந்த நேரத்துல கையை வலிக்க வலிக்க பேடில் பண்றது வீண்.

எவ்ளோ நேரம் காத்திருக்கணும்கிறதுக்கு கடலோடிங்க காலங்காலமா வச்சிருக்கிற பன்னெண்டுல பங்குக் கணக்கு இருக்கு. ஹைல இருந்து லோ வரைக்கும் சுமார் ஆறு மணி நேரம்னா, முதல் மணி நேரத்துல மொத்த இறக்கத்துல பன்னெண்டுல ஒரு பங்குதான் இறங்கும், ரெண்டாவதுல ரெண்டு பங்கு, மூணாவதும் நாலாவதும் மூணு மூணு பங்கு, அப்புறம் ரெண்டு, கடைசியா ஒன்னு. நடு ரெண்டு மணி நேரத்துல மட்டும் பாதி தண்ணி நகர்ந்துடும். ஹை டைடு முடிஞ்சு அரை மணி நேரம் ஆச்சு, ஒன்னும் மாறலையேன்னு கிளம்பிப் போயிடாதீங்க, இன்னும் அது அசையவே ஆரம்பிக்கல.

இந்தக் கணக்கு ஒரு நாளைக்கு ரெண்டு ஏத்தம் ரெண்டு வத்தம் வர்ற இடங்களுக்குத்தான். ஒரே ஒரு ஏத்தம் வர்ற கடலும் உண்டு. ஏத்த வத்த வித்தியாசமும் இடத்துக்கு இடம் பயங்கரமா மாறும், கனடாவுல ஃபண்டி வளைகுடாவுல 16 மீட்டர் வரைக்கும் போகும், மத்தியதரைக் கடல்ல பல இடத்துல சில பத்து சென்டிமீட்டர்தான். உங்க இடத்துல வித்தியாசம் அரை மீட்டருக்கும் கீழன்னா டைடு மேல பழி போடுறதைக் கொஞ்சம் குறைச்சுக்கலாம்.

அறிகுறி 5: காலையில சூப்பரா இருந்துச்சு, ஒன்பது பத்து மணிக்கெல்லாம் போச்சு

எல்லாரும் "காத்து வந்துருச்சு"ன்னு சொல்லுவாங்க, பாதி உண்மை. ராத்திரி தரை கடலைவிட சீக்கிரம் ஆறிடும், அதனால விடியற வரைக்கும் கரையில இருந்து கடலைப் பாத்து லேசா காத்து வீசும், ஆஃப்ஷோர். வெயில் ஏறி தரை சூடானதும் காத்து திரும்பி கடல்ல இருந்து உள்ள வரும், ஆன்ஷோர். இது நாள் தவறாம நடக்குற இடங்கள் நிறைய. ஆனா அதே நேரத்துல டைடும் நகர்ந்துட்டு இருக்கும், ரெண்டுல எது கெடுத்துச்சுன்னு தெரியலன்னா நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்னு முடிவு பண்ண முடியாது. காத்துன்னா நாளைக்கும் அதே நேரத்துல கெடும். டைடுன்னா நாளைக்கு சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போகும்.

பிரிச்சுப் பாக்குறது சுலபம், தண்ணி மேல்பரப்பைப் பாருங்க, அப்புறம் உடையுற இடத்தைப் பாருங்க. அலை உடையுற இடம் அதேதான், ஆனா முகத்துல சின்னச் சின்னதா நெளிவு, மேல் விளிம்பு தானா நொறுங்கி நுரை வழியுது, தூரத்துல வெள்ளை வெள்ளையா புள்ளி தெரியுதுன்னா அது காத்து. மேல்பரப்பு இன்னும் எண்ணெய் தடவின மாதிரி வழுவழுன்னு இருக்கு, ஆனா அலை முன்னாடி உடைஞ்ச இடத்தைத் தாண்டி உள்ள வந்து உடையுது இல்ல உடையவே மாட்டேங்குதுன்னா அது டைடு. ரெண்டும் சேந்து வந்தா ரெண்டும்தான், வீட்டுக்குப் போங்க.

காத்து திரும்புறதை முன்கூட்டியே பிடிக்கலாம். லைன்-அப்ல (அலைக்காகக் காத்திருக்கிற இடத்துல) உக்காந்திருக்கும்போது முதுகுல பட்டுட்டு இருந்த குளிர் காத்து நின்னு போகும், அஞ்சு பத்து நிமிஷம் ஒரே நிசப்தம், கடல் கண்ணாடி மாதிரி ஆகும், அன்னைக்கு இருக்கிறதுலயே அழகான பத்து நிமிஷம் அது. அப்புறம் வெளிய தண்ணி மேல கருநீலமா திட்டுத் திட்டா சுருக்கம் விழுந்து நகர்ந்து வர்றது தெரியும். அது உங்ககிட்ட வந்து சேர்றதுக்குள்ள ரெண்டு அலை எடுத்துக்கலாம், தள்ளிப் போடாதீங்க.

ஒரு சின்ன சிக்கல் இதுல: யூனிட். 10 நாட்னா மணிக்கு 18.5 கிலோமீட்டர், செகண்டுக்கு சுமார் 5 மீட்டர். ஒரு ஆப்ல நாட்லயும் இன்னொன்னுல கிலோமீட்டர்லயும் பாத்து "10தானே"ன்னு கிளம்பினா பாதி வித்தியாசம் வரும். செட்டிங்ஸ்ல ஒரு தடவை போய் எல்லாத்தையும் நாட்டுக்கு மாத்தி வச்சிடுங்க. அதே மாதிரி சில சார்ட் யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்குல இருக்கும், உங்க ஊர் நேரம்னு நினைச்சு வாசிச்சா எல்லாமே மணிக்கணக்குல தப்பும்.

அறிகுறி 6: ஆஃப்ஷோர் காத்துதான், ஆனா ஒரு அலை கூட பிடிக்க முடியல

ஆஃப்ஷோர்னா நல்லதுன்னு எழுதி வச்ச மாதிரி சொல்லுவாங்க. 5ல இருந்து 10 நாட் வரைக்கும் ஆமா. அலையோட முகத்தை எதிர்ல இருந்து தாங்கிப் பிடிக்கும், உடையுறதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அதனால இன்னும் ஆழம் கம்மியான இடத்துல வந்து நல்லா சுருண்டு விழும். 15 தாண்டி 20 நாட் ஆச்சுன்னா அதே உதவி உபத்திரவம். போர்டோட மூக்கைத் தூக்கும், விளிம்புல இருந்து பறக்கிற துளி கண்ணுல ஊசியா குத்தும், அலைக்குள்ள இறங்கவே விடாது. பேடில் பண்ற நேரத்துல ரெண்டு மூணு தடவை கூடுதலா கையால துழாவுங்க, மார்பை போர்டோட ஒட்டி முன்னாடி வெயிட் கொடுங்க, எழுந்திரிக்கிறதுல தயங்காதீங்க. வழக்கத்தைவிட கரைப் பக்கமா உக்காருங்க.

இன்னொன்னு ஆபத்து சம்பந்தப்பட்டது. பலமான ஆஃப்ஷோர்ல கரையில நின்னு பாத்தா கடல் ரொம்ப சாதுவா தெரியும், ஏன்னா கரைக்கிட்ட தண்ணி தட்டையா இருக்கும். ஆனா அது உங்களை வெளிய தள்ளிட்டே இருக்கும், திரும்பி வர்றது எதிர்காத்துல. சோர்வு வர்றதுக்கு முன்னாடியே உள்ள வந்துடுங்க.

அறிகுறி 7: காத்தே இல்ல, ஆனாலும் கடல் குண்டும் குழியுமா இருக்கு

நேத்து சாயந்திரம் அடிச்ச ஆன்ஷோரோட மிச்சம். காத்து நின்ன உடனே கடல் நிக்காது, சில மணி நேரம் எடுத்துக்கும். இல்லன்னா உங்களுக்கு 50, 100 கிலோமீட்டர் தள்ளி இன்னும் காத்து அடிச்சிட்டு இருக்கு, அந்தக் குட்டை அலை இங்க வருது, ஆப்ல உங்க இடத்தோட காத்து மட்டும் பாத்தா இது தெரியவே தெரியாது, கொஞ்சம் ஜூம் அவுட் பண்ணி சுத்துவட்டாரம் பாருங்க. ஆத்து முகத்துவாரம் பக்கத்துல இருந்தா வெளிய ஓடுற தண்ணி உள்ள வர்ற அலையை எதிர்த்து அதை செங்குத்தா ஆக்கி விட்டுடும், அங்க லோ டைடு நோக்கி வத்துற நேரத்துல இறங்கவே வேண்டாம்.

செங்குத்தான கரையில ஹை டைடுல வேற ஒரு விதமா குலுங்கும், கரையில மோதின தண்ணி திரும்பி ஓடி வந்து அடுத்த அலையோட முட்டும், ஏறின அலை நடுவுல திடீர்னு ஒரு மேடு வந்து தூக்கிப் போடும். தண்ணி கொஞ்சம் வத்தினதும் தானா சரியாகிடும்.

அறிகுறி 8: ஒரே இடத்துல உக்கார முடியல, இழுத்துட்டே போகுது

எந்தப் பக்கம் இழுக்குதுன்னு முதல்ல பிடிக்கணும். கரையில முன்னும் பின்னுமா இருக்கிற ரெண்டு பொருளைத் தேர்ந்தெடுங்க, முன்னாடி ஒரு கம்பம் பின்னாடி ஒரு மரம்னு வைங்க, ரெண்டும் ஒரே கோட்டுல தெரியுற இடத்துல உக்காருங்க. கம்பம் மரத்தோட இடது பக்கமா விலக ஆரம்பிச்சா நீங்க வலது பக்கம் போயிட்டு இருக்கீங்க. ஒரே ஒரு பொருளை மட்டும் பாத்தா இது ரொம்ப லேட்டாதான் தெரியும்.

கரையோரமாவே பக்கவாட்டுல இழுத்தா ஸ்வெல் சாய்வா வருதுன்னு அர்த்தம். எதிர்த்து பேடில் பண்ணி சாகாதீங்க, கரையேறி இழுவை வர்ற பக்கமா நடந்து போய் திரும்ப இறங்குங்க, அதுதான் குறைஞ்ச செலவு.

வெளிய இழுத்தா ரிப் (கரையில இருந்து கடலுக்குள்ள ஓடுற நீரோட்டம்). அலை உடையாம, கொஞ்சம் கருப்பா, நுரையும் மணலும் வெளிய போற மாதிரி ஒரு பாதை தெரியும், ரெண்டு பக்கமும் அலை உடையும் நடுவுல மட்டும் அமைதி. பல மணல் கரையில லோ டைடு பக்கமா இது பலமாகும், ஏன்னா தண்ணி திரும்பிப் போறதுக்கு அந்தப் பள்ளம் மட்டும்தான் வழி. தெரிஞ்சவங்க இதையே லிஃப்ட்டா பயன்படுத்தி வெளிய போவாங்க. தெரியாம மாட்டினா போர்டை விடாதீங்க, கரையைப் பாத்து நேரா எதிர்த்து நீந்தாதீங்க, கரைக்கு இணையா பக்கவாட்டுல போய் அலை உடையுற இடத்துக்கு வந்து நுரையோட உள்ள வாங்க. முடியலன்னா போர்டுல படுத்து மிதந்து கையைத் தூக்கிக் காட்டுங்க.

அறிகுறி 9: போன சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அருமை, இந்த சனிக்கிழமை அதே ஆறு மணி அதே நம்பர், குப்பை

டைடு பக்கத்தைத் திறந்து பாருங்க, நேரத்தைப் பாத்த உடனே சிரிப்பு வரும். தினமும் 50 நிமிஷம் தள்ளிப் போற டைடு ஏழு நாள்ல கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் தள்ளி இருக்கும். போன வாரம் ஆறு மணிக்கு லோன்னா இந்த வாரம் ஆறு மணிக்கு ஹை. வாரம் ஒரு தடவை லீவு நாள்ல மட்டும் போறவங்களுக்கு இது மாறி மாறி அடிக்கும், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பழைய நிலைமை திரும்ப வரும்.

அதோட பௌர்ணமி அமாவாசை ஒட்டி ஏத்தமும் வத்தமும் ரெண்டு பக்கமும் அதிகமா போகும், அரை நிலா ஒட்டி வித்தியாசம் கம்மி. அதனால "லோ டைடுல நல்லா இருக்கும்"னு யாராவது சொன்னா எந்த லோன்னு கேளுங்க, அமாவாசை லோவுல பாறை வெளிய தெரியும், அரை நிலா லோ நடு டைடு மாதிரிதான் இருக்கும். காத்தழுத்தமும் கொஞ்சம் சேரும், 1 மில்லிபார் இறங்கினா கடல் மட்டம் சுமார் 1 சென்டிமீட்டர் ஏறும், பெரிய தாழ்வழுத்தம் பக்கத்துல இருந்தா அட்டவணையைவிட தண்ணி கூடவே நிக்கும்.

அறிகுறி 10: பீரியட், திசை, காத்து, டைடு எல்லாம் அன்னைக்கு மாதிரியே, ஆனா அலை மட்டும் வரல

அப்போ மணல் நகர்ந்துருச்சு. மணல் கரையில நல்ல திட்டு ஒரு பெரிய ஸ்வெல்லுக்கு அப்புறம் காணாமப் போயிடும், இல்ல நூறு இருநூறு மீட்டர் தள்ளி உருவாகி இருக்கும். எந்த மாடலும் இதைச் சொல்லாது. ரீஃப்லயும் பாறை முனையிலயும் இந்தப் பிரச்சனை ரொம்ப கம்மி, அதனாலதான் அங்க ஒரு தடவை சரியான காம்பினேஷன் தெரிஞ்சுக்கிட்டா வருஷக்கணக்கா வேலை செய்யும், மணல் கரையில நீங்க எழுதி வச்ச குறிப்புக்கு ஆயுசு சில வாரம்தான்.

பௌர்ணமிக்கோ அமாவாசைக்கோ ஒன்னு ரெண்டு நாள் கழிச்சு, தண்ணி நல்லா வத்தியிருக்கிற லோ டைடுல கரையோரமா கொஞ்ச தூரம் நடங்க. எங்க திட்டு வெளிய தெரியுது, எங்க பள்ளம் வெட்டி இருக்கு, திட்டு எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்து நாலஞ்சு போட்டோ எடுத்துக்கோங்க, எதுக்கு நேரா இருக்குன்னு தெரியுற மாதிரி கரையில இருக்கிற ஏதாவது ஒரு அடையாளம் ஃப்ரேம்ல வரணும். போர்டை எடுத்துட்டுப் போகாதீங்க, கையில இருந்தா எப்படியும் இறங்கிடுவீங்க.